பத்து மீட்டர் ரேஞ்சில் காசு எங்கே போகிறது? மதுரையிலிருந்து ஒரு கேள்வி பதில்

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பழைய நெல் கோடவுனை வாடகைக்கு எடுத்து, ஆறு லேன் (ஒருவர் நின்று சுடும் தடம்) போட்டு, ஏர் ரைபிளும் ஏர் பிஸ்டலும் சுடும் ரேஞ்ச் நடத்தி வருகிறோம். போனில் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் காசைப் பற்றித்தான். "மொத்தமா எவ்வளவு சார் ஆகும்?" என்று கேட்பவருக்கு ஒரு தொகையைச் சொல்லி வைத்தால், ஆறு மாதம் கழித்து "அன்னைக்கு வேற மாதிரி சொன்னீங்களே" என்று வந்து நிற்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அதனால் கேள்விகளையும் எங்கள் கணக்கையும் மறைக்காமல் இங்கே எழுதி வைக்கிறோம். இதில் வரும் தொகைகள் எங்கள் ரேஞ்சில் ஆகிற செலவும் எங்களுக்குக் கிடைத்த விலையும்தான். வேறு ஊரில் வேறு மாதிரி இருக்கலாம்.

சும்மா ஒரு தடவை சுட்டுப் பார்க்க எவ்வளவு?

250 ரூபாய். அரை மணி நேரம், 20 பெல்லட் (சுடும் சின்ன ஈயக் குண்டு), எங்கள் துப்பாக்கி, பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒரு ஆள், எல்லாம் அதில் அடக்கம். சுட்ட குறி அட்டையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். குடும்பத்தோடு வந்து வேடிக்கை பார்க்கக் காசு இல்லை.

சித்திரைப் பொருட்காட்சியில் இதைவிட ரொம்பக் குறைவாகச் சுடலாமே?

தாராளமாகச் சுடுங்கள். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். ஆனால் அந்தத் துப்பாக்கியில் குறி பார்க்கும் சைட் கொஞ்சம் கோணியிருந்தாலும் கடைக்காரருக்கு நஷ்டமில்லை, லாபம்தான். பலூன் கையெட்டும் தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால், ஒரு சாண் அகலத்தில் தொங்கும். இங்கே 10 மீட்டர் தள்ளி இருக்கும் ரைபிள் அட்டையில் நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். பெல்லட்டே 4.5 மில்லிமீட்டர். அதாவது நீங்கள் குறி வைக்கும் புள்ளி, அதைத் துளைக்க வரும் பெல்லட்டில் ஒன்பதில் ஒரு பங்கு. அந்த அளவுக்குச் சரியாகப் போகும் துப்பாக்கி, பெல்லட், அட்டை, வெளிச்சம் எல்லாவற்றுக்கும் விலை வேறு.

மாதக் கட்டணம் எவ்வளவு? அதில் எதெல்லாம் சேரும்?

மாதம் 12 வகுப்பு, ஒன்று ஒரு மணி நேரம், 2,000 ரூபாய். எங்கள் துப்பாக்கி, பயிற்சியாளர், அட்டை, துப்பாக்கியில் அடைக்கும் காற்று சேர்ந்தது. பெல்லட் தனி. சொந்தத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு 1,500. சேர்க்கைக் கட்டணம், டெபாசிட் எதுவும் கிடையாது. ஜிஎஸ்டியும் வாங்குவதில்லை, ஏனென்றால் எங்கள் வருட வரவு 20 லட்சத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை.

சுடுவது ஒரு மணி நேரம். அதற்கு ஏன் இவ்வளவு?

ஒரு மாதச் செலவைச் சொல்கிறேன். வாடகை 24,000. பயிற்சியாளர் சம்பளம் 20,000. கூட்டிப் பெருக்கி, அட்டை மாட்டி, கணக்கு எழுதும் தம்பிக்கு 9,000. கரண்டுக்குச் சராசரி 6,000. துப்பாக்கிப் பராமரிப்பு 4,000. அட்டை 3,000. ஆக 66,000. இதில் எங்கள் இரண்டு பங்குதாரர்களின் சம்பளம் இல்லை. அதை எழுத ஆரம்பித்தால் மனசு சங்கடப்படும்.

காலையில் மூன்று மணி நேரமும் மாலையில் நாலரை மணி நேரமும் திறந்திருக்கிறோம். ஆறு லேன், மாதம் 26 நாள். எல்லா லேனிலும் எந்நேரமும் ஆள் நின்றால் 1,170 மணி நேரம் வரும். அப்படி நின்றால் ஒரு மணி நேரத்துக்கு 57 ரூபாய் வாங்கினாலே செலவு கட்டிப் போகும். ஆனால் நிஜத்தில் 400 மணி நேரம் நிறைந்தாலே நல்ல மாதம். 66,000-ஐ 400-ஆல் வகுத்தால் 165. உங்கள் 2,000-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய அதே இடத்தில் வந்து நிற்கும்.

நீங்கள் சுடுவதற்கு ஆகிற செலவு கொஞ்சம்தான். பக்கத்து லேன் காலியாகக் கிடப்பதற்கும் சேர்த்தே கட்டுகிறீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் மொத்தமாகக் காணாமல் போவார்கள். கோடவுன்காரர் அந்த இரண்டு மாதமும் வாடகையைக் குறைக்க மாட்டார். ஏப்ரல், மே விடுமுறைக் கூட்டத்தில்தான் அந்தப் பள்ளம் நிரம்புகிறது.

பெல்லட்டுக்கு மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

கவனமாகக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். துப்பாக்கி ஒரு தடவைச் செலவு. பெல்லட் சுடுகிறவரைக்கும் விடாது.

போட்டிக்கான பெல்லட் 500 அடங்கிய டின்னில் வரும். நல்ல பெல்லட் பெரும்பாலும் ஜெர்மனி, செக் நாட்டுச் சரக்கு. அதனால் டாலர், யூரோ ஏறினால் நம் ஊர் டின்னும் ஏறும். சாதாரணப் பயிற்சி பெல்லட் ஒன்று ஒன்றரை ரூபாய்க்குப் பக்கம் விழுகிறது. தேர்ந்தெடுத்து அடுக்கி வரும் மேட்ச் பெல்லட் இரண்டரை, மூன்று ரூபாய். ஒரு வகுப்பில் 50 சுட்டால் 12 வகுப்புக்கு 600 பெல்லட், பயிற்சி ரகத்தில் 900 ரூபாய். போட்டிக்குத் தயாராகிறவர் 60 ஷாட்டும் அதற்கு முன் குறியைச் சரிபார்க்கும் சைட்டிங்குக்கு ஒரு இருபதும் சேர்த்து ஒரு நாளில் 80 தீர்ப்பார். 500 டின் அவருக்கு ஆறு நாள்.

இதில் வீணாகப் போவதுதான் எங்களுக்கு வயிற்றெரிச்சல். புதுசாக வருகிற பிள்ளைகள் டின்னைத் திறந்தால் டப டபவென்று சுட்டுத் தீர்த்துவிட்டு "இன்னைக்கு நூறு சுட்டேன்" என்று அப்பாவிடம் சொல்வார்கள். அப்பாவுக்கும் பெருமை. அந்த நூறில் முப்பதுதான் ஒழுங்காகப் பிடித்துச் சுட்டது. பெல்லட் போடாமல் நின்று, பிடித்து, மூச்சை அடக்கி, டிரிகரை மட்டும் விடுவிக்கும் டிரை ஃபயர் பயிற்சிக்கு ஒரு பைசா செலவில்லை. தேறியவர்கள் எல்லோரும் அதில் மணிக்கணக்காக நின்றவர்கள்தான். எங்கள் ஒரு மணி நேர வகுப்பில் முதல் இருபது நிமிஷம் அதற்குத்தான். "காசு கட்டினது சும்மா நிக்கிறதுக்கா?" என்று கேட்ட பெற்றோர் உண்டு. ஆமாம், மூன்றில் ஒரு பங்கு அதற்குத்தான்.

வெளியே மலிவாகக் கிடைக்கும் பெல்லட்டைக் கொண்டு வரலாமா?

சொந்தத் துப்பாக்கியில் உங்கள் இஷ்டம். எங்கள் துப்பாக்கியில் வேண்டாம். பாவாடை (பின்பக்க விளிம்பு) நசுங்கிய பெல்லட் ஒன்று குழலில் சிக்கினால் அதை எடுக்க ஒரு லேன் அரை நாள் நிற்கும். முனை கூரான பெல்லட்டும் ஆகாது. தட்டை முனைதான் அட்டையில் சுத்தமாக வட்டத் துளை போடும், மார்க் எண்ணவும் வரும்.

அட்டை வெறும் பேப்பர்தானே? சிவகாசியில் அடித்தால் பாதி விலைக்கு வருமே?

இதே புத்தி எங்களுக்கும் வந்தது. பக்கத்திலேயே சிவகாசியை வைத்துக்கொண்டு வெளியூரில் ஏன் வாங்க வேண்டும் என்று ஒரு அச்சகத்தில் ஐயாயிரம் அட்டை போட்டோம். வளையம் எல்லாம் அச்சு அசலாக வந்தது. கருப்பு மையும் நன்றாக இருந்தது. முதல் பெல்லட் பட்டதும் துளை விழவில்லை, நாலா பக்கமும் நட்சத்திரம் மாதிரிக் கிழிந்தது. எட்டா ஒன்பதா என்று ஆறு பேர் கூடி நின்று பார்த்தும் தீரவில்லை. போதாததற்குப் பளபளப்புத் தாள், லைட் பட்டுக் கண் கூசியது. அச்சகத்தின் மேல் தப்பில்லை. கல்யாணப் பத்திரிகைக்கு ஏற்ற தாளை எடுத்தது நாங்கள். டார்கெட் தாள் மங்கலாக இருக்க வேண்டும், பெல்லட் பட்டால் கிழியாமல் துளை மட்டும் விழ வேண்டும். அப்படிப்பட்ட தாள் கொஞ்சம் விலை கூடுதல்தான். அந்த ஐயாயிரத்தின் பின்பக்கத்தில் இன்னும் வரவு செலவு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

எலக்ட்ரானிக் டார்கெட் ஏன் வைக்கவில்லை?

லேன் ஒன்றுக்கு லட்சக்கணக்கில் ஆகும், அதனால். பெரிய போட்டிகள் எல்லாம் அதில்தான் நடக்கின்றன. ஒரு ஷாட்டுக்கு 10.9 வரை தசமத்தில் மார்க் உடனே திரையில் தெரியும். 60 ஷாட்டுக்கு 75 நிமிஷம். காகித அட்டையில் சுட்டால் அதே 60 ஷாட்டுக்கு 90 நிமிஷம் தருகிறார்கள், அட்டை போய் வர நேரம் ஆகும் என்பதால். எங்களிடம் இருப்பது மோட்டாரில் ஓடும் அட்டைத் தள்ளுவண்டி, மதுரை லேத் பட்டறை ஒன்றில் செய்தது. பெல்ட் அறுந்தால் மறுநாள் சரியாகிவிடும். எலக்ட்ரானிக் சாதனம் கெட்டால் ஆளுக்கும் பாகத்துக்கும் காத்திருக்க வேண்டும். அதற்காகக் கட்டணத்தை இரண்டு மடங்காக்க மனம் வரவில்லை. மாநிலப் போட்டிக்குப் போகிற பிள்ளைகளைப் போட்டிக்கு முந்தின வாரம் எலக்ட்ரானிக் டார்கெட் உள்ள இடத்தில் இரண்டு நாள் சுட வைத்து அனுப்புகிறோம்.

ஏசி உண்டா?

இல்லை. லேன் பகுதி மட்டும் 50 அடி நீளம், தகரக் கூரை. அதைக் குளிரவைக்கும் பில்லைக் கட்ட முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரும் கரண்ட் பில்லே வணிக இணைப்பு என்பதால் 12,000-த்தைத் தொடுகிறது. இதில் பெரும் பங்கு வெளிச்சத்துக்கு. சர்வதேச விதிப்படி உள்ளரங்க டார்கெட் மேல் குறைந்தது 1,500 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும், நிழல் விழக் கூடாது. மே மாதம் 40 டிகிரியில் ரைபிள் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்பது பெரிய தண்டனை. அதனால் அந்த மாதம் காலை வகுப்புகளை 5.30-க்கு ஆரம்பிக்கிறோம். மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் நிறுத்தும் நாளில் வகுப்பு கிடையாது, அந்த வகுப்பை வேறு நாளில் ஈடுகட்டித் தருவோம்.

சொந்தத் துப்பாக்கி எப்போது வாங்கலாம்?

ஆறு மாதம் கழித்து. இந்தப் பதிலைக் கேட்டு முகம் வாடாத பெற்றோரை நான் பார்த்ததில்லை.

2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடுதல் போட்டிக்கு நடிகர் அஜித் வந்து போன பிறகு எங்களுக்கு வந்த போன்களில் முதல் கேள்வியே "என்ன கன் வாங்கணும்?" என்பதுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் பிஸ்டலில் வெண்கலம் வென்றதும் அதே கதை. வாங்கிய துப்பாக்கிகளில் சில இப்போது பீரோ மேலே பெட்டியோடு இருக்கின்றன.

விலையைச் சொல்கிறேன். காற்றை முன்கூட்டியே சிலிண்டரில் அடைத்து வைத்துச் சுடும் இந்தியத் தயாரிப்பு ரைபிள்கள் அரை லட்சத்தை ஒட்டி ஆரம்பிக்கின்றன. பழக அது தாராளமாகப் போதும். வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற ஜெர்மன் மேட்ச் ரைபிள்கள் இரண்டு லட்சத்துக்குக் குறையாது, மூன்றையும் தாண்டும். ரைபிளின் எடை 5.5 கிலோவுக்கு மிகக் கூடாது என்பது விதி. ஆனால் 35 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அந்த 5.5-ஐத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். உடம்பு வளர்ந்து, நிற்கும் விதம் ஓரளவு நிலைத்த பிறகுதான் எந்தத் துப்பாக்கி தோதாக இருக்கும் என்று தெரியும்.

பழைய துப்பாக்கி வாங்குவது நல்ல யோசனை. பன்னிரண்டாவது முடித்து இன்ஜினீயரிங், மெடிக்கல் என்று போகிற பிள்ளைகள் ஜூன், ஜூலையில் விற்பார்கள். வாங்கும்போது சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியை முதலில் பாருங்கள். காலாவதியான சிலிண்டரைப் போட்டியில் அனுமதிப்பதில்லை, அதில் காற்றடைப்பதும் ஆபத்து. புதுச் சிலிண்டர் விலையைக் கழித்துக்கொண்டுதான் பேரம் பேச வேண்டும்.

ரைபிளா, பிஸ்டலா? எது செலவு குறைவு?

பிஸ்டல். நல்ல வெளிநாட்டு பிஸ்டலே ஒன்றரை லட்சத்தை ஒட்டித்தான் வரும், ஆனால் அதோடு செலவு கிட்டத்தட்ட முடிந்துவிடும். ரைபிளுக்குத் தடித்த கோட், பேண்ட், ஷூ, கையுறை வேண்டும். இந்தியத் தயாரிப்பே எல்லாம் சேர்ந்து 30,000 முதல் 50,000 வரை போகும். பிள்ளை வளர வளர அது பத்தாமல் போகும். எட்டாவதில் வாங்கிய கோட் பத்தாவதில் பட்டன் போட வராது. பெரிய சைஸாக வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று நம் வழக்கப்படி நினைக்காதீர்கள். தொளதொளத்த கோட்டில் எந்தப் பிரயோசனமும் இல்லை. இறுக்கத்துக்கும் தடிமனுக்கும் விதி இருக்கிறது, போட்டியில் அளந்து பார்ப்பார்கள். எங்களிடம் பழைய கோட்டுகள் ஏழெட்டு இருக்கின்றன, ஒரு பிள்ளை விட்டதை அடுத்த பிள்ளை போட்டுக்கொள்கிறது.

அதற்காகக் காசை மட்டும் பார்த்து பிஸ்டலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்து 60 தடவை தூக்க வேண்டும். சிலருக்கு அது வருவதே இல்லை. மாநிலப் போட்டிகளில் ஓப்பன் சைட் (துளை வழியே பார்க்காமல் திறந்த சைட்டில் குறி பார்க்கும்) ரைபிள் பிரிவும் உண்டு. செலவுக்கு யோசிப்பவர்கள் அதில் தொடங்கலாம்.

ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வாங்க வேண்டுமா? அதற்கு என்ன செலவு?

குழலின் உள் அளவு .177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமல் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். மேட்ச் ரைபிள்களின் ஆற்றல் ஏழெட்டு ஜூல்தான். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பஸ்ஸில் கொண்டு வரும்போது உறைக்குள் பூட்டிக் கொண்டு வாருங்கள். உறை இல்லாமல் தோளில் மாட்டிக்கொண்டு மாட்டுத்தாவணியில் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கண்மாய்க்கரையில் கொக்கு சுடுவதற்கு இது பயன்படும் என்று நினைத்தால் தயவுசெய்து எங்களிடம் வராதீர்கள். அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தோட்டா போட்டுச் சுடும் .22 ரைபிள், பிஸ்டல் எல்லாம் வேறு உலகம். அதற்கு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், தோட்டாவுக்குக் கணக்கு வேண்டும், ஒரு தோட்டாவின் விலை பெல்லட்டைப் போலப் பல மடங்கு. நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

காற்று நிரப்பத் தனியாகக் காசு வாங்குவீர்களா?

மாத உறுப்பினர்களுக்கு இல்லை. வெளியாட்களுக்கு ஒரு சிலிண்டருக்கு 50 ரூபாய். பஞ்சர் கடையில் அடிக்க முடியாதா என்று ஒருவர் உண்மையிலேயே கேட்டார். கார் டயருக்கு இரண்டு பார் சொச்சம் அழுத்தம் போதும், இதற்கு 200 பார் வேண்டும். கம்ப்ரசரைவிட அதன் வடிகட்டிதான் தொல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றோடு ஈரமும் உள்ளே போனால் சிலிண்டரும் வால்வும் வீணாகும். அந்த மாதங்களில் வடிகட்டிச் சரக்கை அடிக்கடி மாற்றுகிறோம்.

பெல்லட் ஈயம்தானே? பிள்ளைகளுக்கு ஆகாதே?

சரியான கவலை. ஒரு பெல்லட் அரை கிராமுக்குச் சற்று அதிகம். 60 ஷாட்டுக்கு 32 கிராம் ஈயம் பெட்டிக்குள் விழுகிறது. அதில் உங்கள் கையில் ஒட்டுவது கொஞ்சம்தான், ஆனாலும் அது வயிற்றுக்குள் போகக் கூடாது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு, பார்த்தால் வெளியே அனுப்பிவிடுவோம். லேன் பக்கம் டீ, வடை எதுவும் கிடையாது. தரையை உலர்ந்த விளக்குமாறால் பெருக்குவதில்லை, ஈரத் துணியால்தான் துடைக்கிறோம். சேரும் ஈயத்தை மூட்டை கட்டி மறுசுழற்சிக்கு விற்கிறோம். அந்தக் காசு சோப்புக்கும் துடைக்கிற துணிக்கும் சரியாகப் போகிறது.

போட்டிக்கு அனுப்பினால் எவ்வளவு ஆகும்?

நுழைவுக் கட்டணத்தைவிடப் பயணமும் தங்கலும்தான் அதிகம். மாநிலப் போட்டி, அதில் தகுதி மார்க் எடுத்தால் தேசியப் போட்டிக்கு முந்தைய சுற்று, பிறகு தேசியப் போட்டி என்று படிப்படியாகப் போகும். தேசிய அளவுப் போட்டிகள் டெல்லி, போபால் என்று வடக்கேதான் அதிகம். ரயிலில் அப்பாவோ அம்மாவோ கூடப் போக வேண்டும், அவருக்கு ஒரு வாரம் லீவு. அந்தச் சம்பளத்தையும் செலவில் எழுதுங்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அகமதாபாத்தில் வளர்ந்து அங்கே பழகித்தான் ஒலிம்பிக் வரை போனார். இந்த விளையாட்டில் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதும் ஒரு செலவுக் கணக்குதான்.

பரீட்சை நேரத்தில் வரவில்லை என்றால் கட்டிய காசு?

முன்கூட்டிச் சொன்னால் மிச்ச வகுப்புகள் ஏப்ரலில் சேரும். சொல்லாமல் நின்றால் சேராது.

மேலூரில் எனக்கு இடம் சும்மா கிடக்கிறது. நானே ஒரு ரேஞ்ச் ஆரம்பிக்கலாமா?

சொந்த இடம் என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். எங்கள் 66,000-த்தில் 24,000 வாடகை. அது இல்லாவிட்டால் நாங்களும் கொஞ்சம் சிரித்திருப்போம்.

லேன் ஒன்றுக்கு ஒரு மீட்டர் அகலம், பத்து மீட்டருக்கு முன்னும் பின்னும் நிற்கவும் தடுக்கவும் இடம் என்று ஆறு லேனுக்கு 20-க்கு 50 அடி வேண்டும். டார்கெட்டின் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதால் தரை மட்டமாக இல்லாவிட்டால் ஒவ்வொரு லேனுக்கும் தனித் தனியாகத் தூக்க வேண்டிவரும். எங்கள் கோடவுன் தரை லாரி ஏறி இறங்கிப் பள்ளமாகியிருந்தது. தரை போட ஆன செலவில் ஒரு இந்திய ரைபிள் வாங்கியிருக்கலாம். லேனுக்குக் குறுக்கே கதவு வைக்காதீர்கள். சுடுகிறவர்களுக்குப் பின்னால் மட்டுமே ஆள் நுழைய வழி இருக்க வேண்டும். துப்பாக்கிகளைப் பூட்டி வைக்க இரும்பு அலமாரி, கேமரா, தீயணைப்பான் என்று பட்டியல் நீளும். ஆரம்பிக்கும் முன்பே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

முக்கியமாகப் பயிற்சியாளர் யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஆள் இல்லாமல் லேன் போட்டவர்கள் ஒரு வருஷத்தில் இடத்தை இறகுப்பந்து ஆட விட்டுவிட்டார்கள்.

அண்ணே, கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா?

மாலை ஆறு மணிக்கு வருகிறவருக்குக் குறைக்க முடியாது, அந்த நேரத்தில் லேனுக்கு ஆள் காத்திருக்கிறார்கள். காலையில் நிலவரம் வேறு. ஆறு மணிக்கு நாலு லேன் காலியாகத்தான் கிடக்கின்றன. வாரத்தில் மூன்று நாள் அந்த நேரத்துக்கு வருவதானால் மாதம் 1,400 போதும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 1,000. டீயை மட்டும் வெளியே குடித்துவிட்டு வாருங்கள்.